பத்துத் தகடுகள்

நடேசனுக்கு வலது கை இருந்தது. அதைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும். சட்டைக்குள் நுழைக்கலாம், நாலு பேர் பார்க்கும்போது பக்கத்தில் தொங்கவிடலாம். லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ராணிப்பேட்டைப் பக்கம் ஜாக்கி வழுக்கித் தோள்பட்டை நசுங்கியதிலிருந்து, அந்தக் கை மார்புக்கு மேல் எழும்பாது. டம்ளரைப் பிடிக்கும், வாய்வரைக்கும் கொண்டுவராது. இப்படிப்பட்ட ஆளை டிரைவராக எவன் வைத்துக்கொள்வான்? ஆறு வருஷம், மனைவி அம்சவல்லி நாற்று நட்ட கூலியில் சாப்பிட்டான். அதைச் சொல்லிக்காட்டாத வாய் அவன் ஊரான பிள்ளைப்பாக்கத்தில் கிடையாது. எதிரில் சொன்னவர்களாவது பரவாயில்லை.

ஒரகடத்துத் தர்ம ஆஸ்பத்திரிக்கு ஜீப் வந்த பிறகுதான் அவனுக்கு விடிந்தது. மெட்ராஸில் ஏதோ ஒரு தூதரகம் ஏலத்தில் விட்ட பழைய அமெரிக்க ஜீப் அது. புண்ணியத்துக்கு ஆசைப்பட்ட ஒரு பணக்காரர் வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தானமாகக் கொடுத்தார். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். பார்த்திருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஸ்டீரிங் இடது பக்கம். பெட்ரோல் ஊற்றி மாளாது. கியரைப் போடவே தேவையில்லை, தானே மாறிக்கொள்ளும். ஸ்டீரிங்கையோ ஒரே விரலால் சுற்றலாம். இஞ்சினிலிருந்து பெல்ட் போட்டு ஓடும் ஒரு சின்ன பம்ப்பு எண்ணெயை அழுத்தி அனுப்பும். அந்த அழுத்தமே சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். வந்த டிரைவர்கள் மூன்று பேரும் "இது வண்டியா, தொட்டிலா?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போனார்கள்.

நாலாவதாகப் போய் நின்றவன் நடேசன். டாக்டர் சுந்தராம்பாள் அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சாவியைக் கொடுத்தாள். மணிமங்கலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். இடது கையின் நாலு விரலால் அவன் ஓட்டினான். வழியெல்லாம் டாக்டரம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடு" என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்சவல்லியிடம் அதைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வாய் குழறி, அழுதேவிட்டான்.

நாலு வருஷம் ஓடியது. ஏரிக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிற ஊர்களுக்கெல்லாம், மழையில் மாட்டு வண்டியே இறங்காத களிமண்ணில், அந்த ஜீப் போனது. பிள்ளைத்தாச்சிகளையும் பாம்பு கடித்தவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தது. சொல்லிக்காட்டிய வாய்களெல்லாம் "டிரைவரே, டிரைவரே" என்று பின்னால் வந்தன. நடேசன் கொஞ்சம் கர்வப்பட்டான் என்றால் அதில் தப்பில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆவணியில் பம்ப்பு ஊளையிட ஆரம்பித்தது. முதலில் திருப்பத்தில் மட்டும். பிறகு நேர் ரோட்டிலும். அடியில் எண்ணெய் சொட்டியது. காலையில் ஊற்றினால் மத்தியானத்துக்குள் காலி. எண்ணெய் இறங்க இறங்க ஸ்டீரிங் கல்லாகும். ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி ஊற்றுவான். ஒரு மாதம் இதை மறைத்தான். எத்தனை நாள் மறைக்க முடியும், ஊளையை?

டாக்டரம்மாவே ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னாள். "நடேசா, கமிட்டியில இந்த வண்டியே வேணாம்னு சொல்றாங்க. வித்துட்டு டீசல் வேன் வாங்கலாம்னு முடிவு பண்ணியாச்சு. நான்தான் ஐப்பசி மழை வரைக்கும் பொறுங்கன்னு கேட்டிருக்கேன். அதுக்குள்ள சரியாச்சுன்னா வண்டியும் இருக்கும், நீயும் இருப்ப. ஆகலைன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

டீசல் வேனுக்குக் கியர் போட வேண்டும். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் வளைக்க வேண்டும். செங்கல்பட்டு ஜில்லா முழுக்கச் சலித்தாலும் நடேசன் ஓட்டக்கூடிய வண்டி அந்த ஒன்றுதான். அதன் உயிரோ தேங்காய் அளவு இருந்த ஒரு பம்ப்பில் இருந்தது.

பம்ப்பை ஸ்ரீபெரும்புதூர் ஹைரோட்டில் பட்டறை வைத்திருந்த யாக்கோபு மேஸ்திரியிடம் கொண்டுபோனான். லாரி இஞ்சினைக் காதாலேயே கேட்டு வியாதி சொல்கிற ஆள். அவருக்கும் இது புது விஷயம்தான். ஆனாலும் "தெரியாது" என்று சொல்லாமல், "தொறந்து பாக்கலாம்" என்றார். திறந்தார். உள்ளே முட்டை வடிவத்தில் ஒரு இரும்பு வளையம். அதற்குள் ஒரு உருளை. உருளையைச் சுற்றிப் பத்துக் கீறல்; ஒவ்வொரு கீறலிலும் கட்டைவிரல் நகத்தளவு ஒரு மெல்லிய தகடு. உருளை சுற்றும்போது தகடுகள் வெளியே நீண்டு வளையத்தை வழித்துக்கொண்டே போய், எண்ணெயைத் தள்ளும். மேஸ்திரி ஒரு தகட்டை எடுத்து வெயிலில் காட்டினார்.

"பாத்தியா? ஒரு பக்கம் விளிம்பு உருண்டையா கீது. அந்தப் பக்கம்தான் வளையத்துல ஒரசும். ரெண்டுக்கும் நடுவுல மயிரு போவ எடமில்ல. வெள்ளக்காரன் எப்டித்தான் செஞ்சானோ!" என்றார். "உனக்கு நல்ல காலம், நடேசா. உள்ள எல்லாம் உசுரோடதான் கீது. எண்ண ஒழுவாம பிடிக்கற ரப்பரு, ஆயில் சீலு, அதான் செத்துப்போச்சு. சீல் போட்டா ஓடும்."

"தகடு போயிருந்தா, மேஸ்திரி?"

"போயிருந்தா அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டுட்டு உக்காந்துக்கினு இருக்கணும். அது வர்றதுக்குள்ள ஜீப்பு மக்கிப்பூடும்."

சீலுக்காக மேஸ்திரி இரண்டு நாள் மெட்ராஸ் புதுப்பேட்டையில் அலைந்தார். பட்டாளத்துப் பழைய சாமான் குவியலில், அதே அளவில் ஒன்று கிடைத்தது. பம்ப்பின் உறுப்புகளை மூன்று தடவை மண்ணெண்ணெயில் அலசி, வெள்ளைத் துணியில் சுற்றி, பீங்கான் தட்டில் வைத்து, அலமாரியில் ஏற்றினார். மறுநாள் ஆயுத பூஜை. பட்டறையில் ஸ்பேனரைத் தொடமாட்டார்கள். மேஸ்திரி வேதக்காரர்தான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சாமி கும்பிடுகிறவர்கள். அன்றைக்குப் பட்டறையை அவர்களிடம் விட்டுவிட்டு, பொரி கடலைக்கும் ஏற்பாடு பண்ணிவிட்டு, செங்கல்பட்டில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவது அவர் வழக்கம்.

கிளம்பும்போது நடேசனிடம் சொன்னார்: "நாளன்னிக்கு வந்து பூட்டிடறேன். இந்தப் பம்ப்புக்கு எதிரி அழுக்குதான். ஒரு பொட்டு அழுக்கு உள்ள போனாலும் தீந்துது. சுத்தம் முக்கியம்." இதுதான் அவர் சொன்னது. இதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

ஆயுத பூஜையன்று நடேசன் அம்சவல்லியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். ஜீப்பைக் கழுவி, மாலை போட்டு, பொட்டு வைக்க அவள் இல்லாமல் முடியுமா? ஒரு கையால் மாலை கட்ட வராது. பட்டறை ஆட்களில் மூத்தவனான சுப்பன் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தான். கிணற்றடியில் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து, புளியும் செங்கல் தூளும் வைத்துக் குத்துவிளக்கில் ஆரம்பித்துச் சுத்தியல் வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பூஜையில் வைக்கிற இரும்பு பளபளவென்று இருக்க வேண்டும். துருவோடு வைத்தால் சாமிக்குக் கோபமோ இல்லையோ, பக்கத்துப் பட்டறைக்காரன் சிரிப்பான்.

நடேசன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றான். ஊரான் வீட்டு ஸ்பேனருக்கெல்லாம் பூஜை. தன் பிழைப்பே அடங்கியிருக்கிற பம்ப்பு மட்டும் அலமாரியில் துணியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறதே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. போய்த் தட்டை எடுத்து வந்தான். துணியை விலக்கினான். தகடுகளின் விளிம்பில் மெல்லிய கறுப்பு. வளையத்துக்குள்ளும் அங்கங்கே கறுப்பு. எத்தனையோ வருஷம் எண்ணெயில் ஊறிய இரும்பின் நிறம் அது. அழுக்கு இல்லை. ஆனால் நடேசன் கண்ணுக்கு அது அழுக்காகத்தான் பட்டது. மூன்று தடவை அலசியும் போகவில்லையே, மேஸ்திரிக்கு வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று நினைத்தான். மகா புத்திசாலி!

"அம்சா, இதான் முக்கியம். ஒரு பொட்டு அழுக்கு இருக்கக்கூடாதுன்னு மேஸ்திரி சொல்லிட்டுப் போயிருக்காரு."

அம்சவல்லி தட்டை மடியில் வாங்கிக்கொண்டாள். "இவ்ளோ பொடிசா கீதே, இதுவா அம்மாம் பெரிய வண்டியத் திருப்புது?" என்று கேட்டாள். பிறகு தேய்க்க ஆரம்பித்தாள். செங்கல் தூளைச் சலித்து, புளியில் குழைத்து, தேங்காய் நாரால் வளையத்தின் உட்புறத்தைத் தேய்த்தாள். தகடுகளின் கறுப்பு நாருக்குப் போகவில்லை. அவள் விட்டுவிடுகிறவளா? ஒவ்வொரு தகடாகத் துணி துவைக்கிற கல்லில் வைத்து, தூள் போட்டு, விளிம்பைத் தேய்தேய் என்று தேய்த்தாள். விரல் நுனியில் தோல் உரிந்தது. மற்றப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். அவள் எழவில்லை. ஆறு வருஷம் ஊரார் பேச்சைக் கேட்டுக்கொண்டு நாற்று நட்டவளுக்கு, அந்தப் பத்துத் தகடும் பத்துச் சாமியாகத் தெரிந்திருக்க வேண்டும். நடேசன் பக்கத்தில் குந்தி, இடது கையால் தண்ணீர் ஊற்றிக்கொடுத்தான். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

தகடுகள் வெள்ளிக்காசு மாதிரி மின்னின. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினாள்.

மறுநாள் யாக்கோபு மேஸ்திரி வந்தார். படத்துக்கு முன்னால் இருந்த தட்டைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். ஒரு தகட்டை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்து, விளிம்பில் நகத்தை ஓட்டினார். உருண்டை இல்லை. பட்டையாகத் தேய்ந்திருந்தது. வளையத்துக்குள் விரலை விட்டார். சொரசொரவென்றிருந்தது.

"யாருடா இத்தத் தொட்டது?" என்று அவர் போட்ட சத்தத்தில் சுப்பன் ரோட்டுக்கே ஓடிவிட்டான்.

நடேசன் முன்னால் வந்தான். "நாந்தான், மேஸ்திரி. நீங்கதான சுத்தம் முக்கியம்னு... அம்சவல்லியாண்ட குடுத்துத் தேய்க்கச் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் தேய்ச்சா."

"எதுல?"

"செங்கத் தூளுல. அப்பறம் கல்லுல வெச்சு."

மேஸ்திரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தகட்டைத் தட்டில் திருப்பி வைத்து, துணியால் மூடினார். அதைப் பார்த்த பிறகுதான் நடேசனுக்கு விஷயம் புரிந்தது.

"பூடுச்சா, மேஸ்திரி?"

"அழுக்குன்னா மண்ணு, தூசுன்னு சொல்லியிருக்கணும். அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருக்கணும். ஏம்மேலயும் தப்பு கீது, நடேசா" என்றார் அவர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்காக முடிந்திருந்தாலாவது ஒரு வால் மிஞ்சியிருக்கும்.

ஆனாலும் அவர் விடவில்லை. மூன்று நாள் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிப் பலகையில் பாலிஷ் தடவி, ஒவ்வொரு தகட்டையும் பூ மாதிரி தேய்த்து விளிம்பை உருட்டிப் பார்த்தார். வளையத்தின் கீறலை ஆற்றப் பார்த்தார். தேய்ந்த இரும்பு வளருமா? கீறல்களுக்குள் புகுந்த செங்கல் தூளை ஊசியால் நோண்டி எடுத்தார். புதுச் சீலைப் போட்டு, பம்ப்பைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, "சாவியப் போடு" என்றார்.

ஸ்டீரிங் சுற்றியது! ஒரே விரலுக்குச் சுற்றியது. ஊளை இல்லை, ஒழுகல் இல்லை. நடேசன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை சுற்றிவிட்டு, இறங்கி வந்து மேஸ்திரியின் காலைத் தொடக் குனிந்தான். அவர் நகர்ந்துகொண்டார்.

"இப்போ எண்ண ஜில்லுனு கீது. அதான் பிடிக்குது. சூடேறினா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியல. டாக்டரம்மாவ ஏத்திக்கினு போவாத. மொதல்ல காலி வண்டியா பத்து மைலு ஓட்டிப் பாரு."

அதைத்தான் நடேசன் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா மருந்துப் பெட்டியோடு வாசலிலேயே நின்றிருந்தாள். "சரியாயிடுச்சா? நல்லவேளை! பிள்ளைப்பாக்கம் போயிட்டு வந்துடலாம். இன்னிக்குக் கமிட்டிக்குப் பதில் சொல்லணும்" என்றாள். அவள் முகத்தில் அவனுக்காக ஒரு சந்தோஷம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து, இன்னும் சரியாகவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஏறுங்கள் என்று கதவைத் திறந்தான்.

நாலு மைல் வரைக்கும் ஜீப் தொட்டில்தான். ஐந்தாவது மைலில் லேசாக முனகியது. பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் ஏறும்போது பழைய ஊளை வந்துவிட்டது. சூடேறி நீர்த்த எண்ணெய், தேய்ந்த தகடுகளைத் தாண்டி வழிந்துவிட்டது, தள்ளுவதற்கு ஆளில்லை. கரைமேல் எதிரில் ஒரு வைக்கோல் வண்டி. ஒதுங்குவதற்காக நடேசன் ஸ்டீரிங்கை வளைத்தான். வளையவில்லை. இடது கையால் தொங்கிப் பார்த்தான். வலது கையைத் தூக்கிப் போடப் பார்த்தான், எழும்பவில்லை. பிரேக்கை மிதித்தான். ஜீப் வழுக்கிக்கொண்டு கரைச் சரிவில் இறங்கி, வேலிக்காத்தான் புதரில் மோதி நின்றது.

டாக்டரம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. மருந்து பாட்டில்கள் உடைந்து வண்டியெல்லாம் டிங்சர் வாசனை. வைக்கோல் வண்டிக்காரன் தன் மாடுகளையே அவிழ்த்துக் கயிறு கட்டி, இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டு, ஜீப்பைக் கரைக்கு இழுத்துவிட்டான். அதுவரைக்கும் டாக்டரம்மா ஓரமாக நின்றிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நடேசா, உள்ள ஒரு பிள்ளைத்தாச்சி இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் குனிந்து உடைந்த பாட்டில்களைப் பொறுக்கினான்.

"வண்டிய மெதுவா கொண்டுவந்து ஆஸ்பத்திரியில விட்டுடு. சாவிய ஆபீசுல குடுத்துடு." கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தாள். "கேட்டுல காவலுக்கு உக்கார்றதுக்கு ஆள் வேணும்னா சொல்லி அனுப்பறேன்" என்றாள். வேணும்னா என்ற சொல்லிலேயே வேண்டாம் என்பதும் இருந்தது. கெட்ட மனசு இல்லை அவளுக்கு. மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் பஸ் ஏறினாள்.

சேதி கேட்டு அம்சவல்லி ஓடி வந்தாள். நடவிலிருந்து அப்படியே வந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அடி இல்லை என்று தெரிந்த பிறகு, "வேல பூடுச்சா?" என்று கேட்டாள்.

"பூடுச்சு."

"இத்த எப்டிக் கொண்டும் போயி வுடுவ?"

அவள் மறுபக்கக் கதவைத் திறந்து, சேற்றுக் காலோடு ஏறி, அவன் வலது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கை கிடந்த இடத்தில் தன் இரண்டு கையையும் நீட்டி ஸ்டீரிங்கைப் பிடித்தாள். "எந்தப் பக்கம்னு சொல்லு, இழுக்கறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரி ஆறு மைல். மாடு நடக்கிற வேகத்தில் ஜீப் ஊளையிட்டுக்கொண்டே போனது. "சோத்தாங்கைப் பக்கம்" என்றால் அவள் தன் பக்கம் இழுப்பாள், அவன் தள்ளுவான். "பீச்சாங்கைப் பக்கம்" என்றால் அவன் இழுப்பான், அவள் எக்கித் தள்ளுவாள். பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு பையன் கூவிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடி வந்தான். புருஷனும் பெண்டாட்டியும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியது.

மூன்றாவது மைலில் அவள் அழ ஆரம்பித்தாள். கையை எடுக்காமலே அழுதாள்.

"இன்னாமே?"

"ஒண்ணு சொன்னா அடிக்கமாட்டியே? அன்னிக்கு எட்டுத் தகட்ட நல்லாத்தான்யா தேய்ச்சேன். பூசைக்கு நேரமாச்சுன்னு எல்லாரும் கூப்புட்டாங்க. கடைசி ரெண்ட, நீ அந்தாண்ட போனப்போ, நாருல சும்மா தொடச்சு வெச்சுட்டேன். கல்லுல வெக்கல. உன்னாண்ட சொல்லல. அந்த ரெண்டாலதான் இப்டி ஆயிடுச்சா?"

நடேசனுக்குத் தெரியும், அந்த இரண்டு மட்டும்தான் பிழைத்தவை. மற்ற எட்டையும் விரல் தேயத் தேயக் கொன்றவள், கொல்லாமல் விட்ட இரண்டுக்காக அழுகிறாள். உண்மை அவன் தொண்டைவரை வந்தது. சொன்னால், மேஸ்திரியும் தானும் அவளிடம் மறைத்துவைத்த அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கும். அவள் கையைப் பார்த்தான். விரல் நுனிகளில் உரிந்த தோல் இன்னும் ஆறவில்லை. அதற்குமேல் இன்றைய சேறு.

"அதனால எல்லாம் இல்ல. நீ எல்லாத்தையும் நல்லாத்தான் தேய்ச்ச. பழைய சாமான், அதான் போச்சு" என்றான்.

"நெசமா?"

"நெசமா."

அவள் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ அந்தச் சாமிக்குத்தான் கண்ணவிஞ்சு போச்சு" என்றாள். பிறகு ஒரு மைல் தூரம் சாமியை ஏசிக்கொண்டே வந்தாள். நாறடித்துவிட்டாள்.

நடேசன் தடுக்கவில்லை. பழி சாமி தலையில் விழட்டும். சாமி தாங்கும். இவள் தாங்க மாட்டாள். நாளைக் காலையில் திரும்பவும் சேற்றில் இறங்க வேண்டியவள். இனி இரண்டு வயிற்றுக்கும் இந்தக் கைகள்தான், செத்துப்போகிற வரைக்கும். அவனுக்குக் கதறி அழ வேண்டும்போல் இருந்தது. அதற்குள் ஒரகடத்துத் திருப்பம் வந்துவிட்டது.

"சோத்தாங்கைப் பக்கம், அம்சா. இழு" என்றான்.

இழுத்தாள்.